பக்கத்தில் கானா, தூரத்தில் கப்பல்: பல பாணி கலந்த சூழல் மின்னிசை எப்படிக் கட்டப்படுகிறது

இப்போது வரும் எலக்ட்ரானிக் ஆல்பங்கள் பலவற்றை எந்தப் பாணி என்று ஒரே பெயரில் சொல்ல முடிவதில்லை. முதல் பாட்டு தாளமே இல்லாமல் மூன்று நிமிடம் மிதக்கும். அடுத்தது கிளப்பில் போடுகிற மாதிரி இடிக்கும். மூன்றாவதில் நாட்டுப்புற மேளமும் ஜமைக்கா எக்கோவும் கைகோத்து வரும். ஆனாலும் முழு ஆல்பமும் ஒரே ஊரில் நடப்பது போலத்தான் காதில் விழும். அந்த ஒட்டு எங்கிருந்து வருகிறது, புதிதாகத் தொடங்குகிறவர் அதை எப்படிக் கொண்டுவரலாம் என்பதை இங்கே பார்ப்போம். உதாரணங்கள் எல்லாம் வடசென்னையிலிருந்து. காசிமேடு, ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று கடலும் ரயிலும் ஆலையும் கானாவும் ஒன்றுக்கொன்று காதுக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பகுதி வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

அடிப்படை ஒன்றுதான்: இசையில் சூழல் என்பது தூரம். எந்த ஒலி காதருகே, எது தெருமுனையில், எது அடிவானத்தில் என்று முடிவு செய்துவிட்டால் சூழல் பாதி வந்துவிடும். தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதற்கு நேர்மாறு. எல்லா டிராக்கிலும் ஒரே பெரிய ரிவெர்பை, அதாவது எதிரொலி சேர்க்கும் கருவியை, போட்டுவிடுவார்கள். அப்போது எல்லாமே ஒரே தூரத்தில் போய் நிற்கும். குரலும் மேளமும் கடலும் ஒரே புகைக்குள் கரையும். கேட்க முதல் பத்து நொடி அழகாக இருக்கும், பிறகு சலிக்கும்.

பாணிகளைக் கலப்பதற்கும் இதே கணக்குதான். இரண்டு பாணிகள் ஒரே தூரத்தில் நின்றால் முட்டிக்கொள்ளும். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் நின்றால் இரண்டும் பிழைக்கும்.

காது தூரத்தை எப்படி அளக்கிறது

நான்கு தடயங்கள் போதும். முதலாவது சத்தம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். இரண்டாவது கூர்மை. காற்று உயர் அதிர்வெண்களை அதிகம் விழுங்கும். அதனால்தான் தூரத்து ஊர்வலத்தில் மேளத்தின் ‘தொம்’ மட்டும் வருகிறது, ஜால்ராவின் ‘ஜிங்’ வருவதில்லை. மூன்றாவது, நேரடி ஒலிக்கும் எதிரொலிக்கும் உள்ள விகிதம். பக்கத்தில் பேசுகிறவரின் குரல் நேராக வரும்; தூரத்தில் பேசுகிறவரின் குரலில் சுவர்தான் அதிகம் பேசும். நான்காவது, நேரடி ஒலிக்கும் முதல் எதிரொலிக்கும் நடுவில் உள்ள இடைவெளி. ரிவெர்ப் கருவிகளில் இதற்கு ப்ரீடிலே என்று பெயர். ஒலி 1 மில்லிசெகண்டில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். பெரிய இடத்தில் ஒருவர் உங்கள் பக்கத்தில் நின்று பாடினால் சுவருக்குப் போய்த் திரும்பும் ஒலி பிந்தி வரும், அதாவது ப்ரீடிலே அதிகம். அவரே சுவரோரம் போய் நின்றால் இரண்டும் சேர்ந்தே வரும்.

இதை மென்பொருளில் செய்ய மூன்று ரிவெர்ப் போதும். ரீப்பர், எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன், கராஜ்பேண்ட் எதுவானாலும் முறை ஒன்றே. ரிவெர்பை ஒவ்வொரு டிராக்கிலும் தனித்தனியாகப் போடாமல் மூன்று பொது சேனல்களில் வைத்து, டிராக்குகளிலிருந்து அங்கே அனுப்புங்கள். பொதுச் சேனலில் ரிவெர்ப் நூறு சதவீதம் ஈரமாக (அசல் ஒலி கலக்காமல்) இருக்கட்டும். அருகு என்ற சேனலில் ப்ரீடிலே 30 முதல் 40 மில்லிசெகண்ட், நீளம் 0.6 நொடி. நடு என்ற சேனலில் ப்ரீடிலே 15, நீளம் 1.5 நொடி. தூரம் என்ற சேனலில் ப்ரீடிலே பூஜ்யம், நீளம் 4 முதல் 5 நொடி, 3500 ஹெர்ட்ஸுக்கு மேலே ஃபில்டர் வைத்து மூடிவிடுங்கள், 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் வெட்டுங்கள்.

தூரத்து ஒலிகளுக்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ரிவெர்புக்கு அனுப்புவதோடு நிற்காமல் மூல டிராக்கின் சத்தத்தையும் குறைக்க வேண்டும், அதன் உயர் அதிர்வெண்களையும் வெட்ட வேண்டும். மூல ஒலி பளிச்சென்று இருந்தால் எவ்வளவு ரிவெர்ப் போட்டாலும் அது தூரம் போகாது. பெரிய மண்டபத்தில் காதருகே நிற்கிற மாதிரிதான் கேட்கும். ஸ்டீரியோவில் அதன் அகலத்தையும் சுருக்குங்கள். தூரத்துப் பொருள் எப்போதும் சிறியது.

விதிவிலக்கு கப்பல் ஹாரன். 200 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலின் ஹாரன் 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் ஒலிக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. அந்த ஒலிக்கு 200 ஹெர்ட்ஸ் வெட்டைப் போட்டால் கப்பலே போய்விடும். ஹாரனுக்கு மட்டும் கீழ்வெட்டை எடுத்துவிட்டு மேல்வெட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழி புதிதல்ல

1948இல் பாரிஸில் பியர் ஷேஃபர் ரயில் ஒலிகளைப் பதிவு செய்து, துண்டு துண்டாகக் கோத்து ஓர் இசைத்துண்டு செய்தார். ஊர் ஒலியை வாத்தியமாக எடுத்துக்கொள்ளும் வழி அங்கே வலுப்பெற்றது. எழுபதுகளில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கிங் டப்பி போன்ற பொறியாளர்கள் ஏற்கனவே பதிவான பாட்டிலிருந்து குரலை எடுத்துவிட்டு, டிரம்ஸையும் பேஸையும் மட்டும் விட்டு, மேலே எக்கோவை வீசினார்கள். அந்த டப் முறையில் மிக்ஸர் மேசையே வாத்தியம். 1978இல் பிரையன் ஈனோ விமான நிலையத்துக்கென்று ஓர் ஆல்பம் வெளியிட்டு ஆம்பியன்ட் (சூழல் இசை) என்ற பெயரை நிலைக்க வைத்தார். 1982இல் மும்பையில் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை ரோலண்ட் 808, 303, ஜூப்பிட்டர் 8 ஆகிய மூன்று கருவிகளில் டிஸ்கோ தாளத்தோடு பதிவு செய்தார். அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை, 2010இல் மறுபதிப்பு வந்த பிறகு உலகமே தேடிக் கேட்டது. நம் ஊரில் 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒன்றாக நிறுத்தியது. மேளமும் குரலும் முகத்துக்கு நேரே வருகிற இசை அது. இங்கே நாம் பேசுவது அதற்கு வேறு திசை: அதே குரலை வைத்துக்கொண்டு பின்னால் ஒரு பெரிய வெளியைத் திறப்பது.

ஒலி சேகரிப்பு

போன் போதும், ஆனால் அதில் உள்ள சாதாரண வாய்ஸ் ரெக்கார்டர் போதாது. அது பேச்சுக்காகச் செய்தது. பின்னணியை இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும், சத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும். நமக்கு வேண்டியதே பின்னணிதான். இரைச்சல் நீக்கத்தையும் தானியங்கி கெயினையும் நிறுத்த முடிகிற செயலி ஒன்றைப் போட்டு, வேவ் ஃபைலாக, 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். கையடக்க ரெக்கார்டர் இருந்தால் 24 பிட். மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டுக் கிழிந்த ஒலியைத் திரும்பத் தைக்க முடியாது.

காசிமேட்டில் பெரிய எதிரி காற்று. பகல் ஏற ஏறக் கடற்காற்று வலுக்கும். மைக்கில் ‘புர்ர்’ என்று அடிக்கும் அந்த ஒலியைப் பிறகு எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது. ஸ்பாஞ்சு உறை வீட்டுக்குள் பேசத்தான் ஆகும். வெளியே முடி வைத்த உறை வேண்டும். விடியற்காலையில் போனால் காற்றும் குறைவு, ஏலமும் நடக்கும். படகு திரும்பும் எஞ்சின், ஐஸ் உடைக்கும் சத்தம், பிளாஸ்டிக் கூடைகள் சிமென்ட் தரையில் இழுபடுவது, விலை சொல்லும் குரல்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது போகிறவருக்கு ஏலம் கிடைக்காது, ஆனால் படகுப் பட்டறையின் சுத்தியல், மரம் இழைப்பது, பெயின்ட் சுரண்டுவது கிடைக்கும். தாளத்துக்கு அதுதான் நல்ல சரக்கு.

ரயிலுக்குத் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். உயிருக்கும் ஆபத்து, சட்டப்படியும் குற்றம். பேசின் பிரிட்ஜ் பக்கம் பாதைகள் பிரிந்து சேரும் இடங்களில் சக்கரம் தாவும் ஒலி, மேம்பாலத்தின் மேலிருந்தே தெளிவாகக் கேட்கும். துறைமுகத்துக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது; ஹாரன் வெளியே தெருவிலேயே கிடைக்கிறது, அதுதான் நமக்கு வேண்டிய தூரமும்.

ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது மூன்று நிமிடம், நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் பதியுங்கள். முடிக்கும்போது இடம், நேரம், மைக் எந்தப் பக்கம் பார்த்தது என்று வாயால் சொல்லி நிறுத்துங்கள். நாற்பது ஃபைல் சேர்ந்த பிறகு இந்தப் பழக்கத்தின் அருமை தெரியும்.

இரைச்சலுக்கும் சுருதி உண்டு

ஊர் ஒலியை அப்படியே பின்னணியில் ஓடவிட்டால் அது டாக்குமென்டரி. இசையாக வேண்டுமானால் அது பாட்டின் சுருதியோடு சேர வேண்டும். நல்ல வேளையாக, தொடர்ந்து ஓடுகிற எந்திரங்கள் பலவற்றுக்கும் சுருதி இருக்கிறது, அதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்.

தெருமுனை டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மரின் இரும்புக் கரு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிர்வதால் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸில் வரும். கீபோர்டில் இரண்டாம் ஆக்டேவ் ஜி என்பது 98 ஹெர்ட்ஸ். வித்தியாசம் சுமார் 35 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சாம்பிளை மைனஸ் 35 சென்ட் இறக்கினால் ஜி சுருதியில் இயற்கையான தம்பூரா மாதிரி ஒன்று கிடைத்துவிடும். மேலே 200, 300 ஹெர்ட்ஸிலும் அதன் துணை ஒலிகள் இருக்கும். ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாகச் சத்தத்தை மாற்றும் கருவி) அவற்றைத் தனித்தனியாக ஏற்றி இறக்கினால் ஒரே ரீங்காரத்திலிருந்து நான்கைந்து நிறம் வரும்.

படகு எஞ்சினும் இப்படித்தான். நான்கு ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1200 சுற்று ஓடினால், நொடிக்கு 20 சுற்று, சுற்றுக்கு 3 வெடிப்பு, ஆக 60 ஹெர்ட்ஸ். இது ஏ ஷார்ப்புக்கும் பிக்கும் சரியாக நடுவில் விழுகிறது. அப்படியே போட்டால் எந்தச் சுருதியோடும் சேராமல் பாட்டு கலங்கும். 50 சென்ட் ஏற்றினால் பி, 50 சென்ட் இறக்கினால் ஏ ஷார்ப். எஞ்சின் வேகம் அலைபாயும் என்பதால் நிலையாக ஓடுகிற பத்து நொடியைத் தேடி எடுங்கள். மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் காட்டும் கருவி இருந்தால் உயரமான முதல் சிகரத்தைப் பார்த்தாலே எண் தெரிந்துவிடும். ஆடாசிட்டியில் இது இலவசம்.

சுருதி இல்லாத ஒலிகளை நீட்டிப் பாருங்கள். ஆடாசிட்டியிலேயே பால்ஸ்ட்ரெச் என்றொரு எஃபெக்ட் உண்டு. கோயில் மணியின் இரண்டு நொடியை இருபது மடங்கு நீட்டினால் நாற்பது நொடிப் பேட், அதாவது நீண்டு பரவும் பின்னணி ஒலி, கிடைக்கும். மணியின் முதல் தட்டை வெட்டிவிட்டு, அதிர்ந்து அடங்கும் பகுதியை மட்டும் எடுத்து நீட்டுவது முக்கியம். தட்டோடு நீட்டினால் தொடக்கத்தில் உலோகம் அரைக்கிற மாதிரி ஒரு பகுதி வரும்.

இப்படிச் சேர்ந்த மூன்று பின்னணி ஒலிகளை லூப் ஆக்கும்போது (திரும்பத் திரும்ப ஓடவிடும்போது) நீளத்தை ஒன்றாக வைக்காதீர்கள். மூன்றும் 16 நொடி என்றால் மூன்றாவது சுற்றிலேயே காது கண்டுபிடித்துவிடும். 23, 29, 31 நொடி என்று வைத்தால் மூன்றும் மறுபடி ஒரே புள்ளியில் தொடங்க 20,677 நொடி, அதாவது ஐந்தே முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஆம்பியன்ட் இசையில் டேப் காலத்திலிருந்து இருக்கிற நுட்பம் இது. இன்றைக்கும் இதைவிட எளிதாகவும் வலுவாகவும் வேறொன்று இல்லை என்பது எங்கள் கருத்து.

இடத்தையே எடுத்து வருவது

மென்பொருளோடு வருகிற ரிவெர்ப்களில் ஐரோப்பிய தேவாலயங்களும் கச்சேரி அரங்குகளும் இருக்கும். ஹவுசிங் போர்டு பிளாக்கின் மாடிப்படி இருக்காது. அதை நீங்களே செய்யலாம். தேவை ஒரு பலூனும் ஒரு ரெக்கார்டரும்.

பலூனை நன்றாக ஊதி, ரெக்கார்டரிலிருந்து நான்கைந்து மீட்டர் தள்ளி ஊசியால் உடையுங்கள். அந்த ‘டப்’ ஒலி மாடிப்படியில் மோதி அடங்குவது முழுவதும் பதிவாக வேண்டும். உடைத்த பிறகு ஆறு நொடி அசையாமல் நில்லுங்கள். மூன்று பலூன் உடைத்து நல்லதை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஃபைலை கன்வல்யூஷன் ரிவெர்ப் என்ற வகைக் கருவியில் ஏற்றினால், எந்தக் குரலையும் அந்த மாடிப்படியில் நிற்க வைக்கலாம். ரீப்பரில் ரீவெர்ப் (ReaVerb) என்ற பெயரில் இது கூடவே வருகிறது.

தவறுகள் எங்கே வரும் என்றால், பலூன் ஒலி மீட்டரில் பூஜ்யத்தைத் தொட்டுக் கிழிவது முதலாவது. கெயினை வழக்கத்தைவிட நன்றாகக் குறைத்து வையுங்கள். இரண்டாவது, உடைப்பதற்கு முந்தைய அமைதியை வெட்டாமல் விடுவது. அந்த அமைதி எவ்வளவோ அவ்வளவு தாமதமாக ரிவெர்ப் வரும். மூன்றாவது, வாலில் இருக்கிற ஃபேன், டிவி சத்தம். அது குரலோடு சேர்ந்து ‘ஸ்ஸ்’ என்று நீளும். இரவு பதினொரு மணிக்கு மேல் பதிவு செய்து, வாலின் கடைசி ஒரு நொடியை மெல்ல மங்கவிட்டால் சரியாகும். அந்த நேரத்தில் பலூன் உடைப்பதானால் பிளாக்கில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பலூனில் அடி அதிர்வெண்கள் குறைவு என்பதால் ரிவெர்பும் மெலிந்தே வரும். அது குறை அல்ல. மிக்ஸில் கீழ்ப்பகுதி சுத்தமாக இருக்க அது உதவும்.

தாளங்களைக் கலப்பது

இங்கேதான் பெரும்பாலான கலவைகள் உடைகின்றன. ஹவுஸ் என்ற கிளப் நடனப் பாணி நிமிடத்துக்கு 120 முதல் 128 துடிப்பு, டிரம் அண்ட் பேஸ் 165 முதல் 180, ஹிப்ஹாப் 80 முதல் 100. எண்கள் வேறு வேறு என்று பயப்பட வேண்டாம். 85 துடிப்பு ஹிப்ஹாப்பும் 170 துடிப்பு டிரம் அண்ட் பேஸும் ஒரே கட்டத்தில் உட்காரும், ஒன்று மற்றதில் பாதி. கடினம் வேகத்தில் இல்லை, ஒரு துடிப்பை எத்தனையாகப் பிரிக்கிறோம் என்பதில்.

ஹவுஸ், டெக்னோ, ஹிப்ஹாப் ஆகியவை ஒரு துடிப்பை நான்காகப் பிரிப்பவை. நம் குத்துத் தாளங்கள் பலவும் மூன்றாகப் பிரிப்பவை, திஸ்ர நடை. 120 துடிப்பில் ஒரு துடிப்பு 500 மில்லிசெகண்ட். நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 125. மூன்றாகப் பிரித்தால் 166.7. துடிப்பின் தொடக்கத்தில் மட்டும் இரண்டும் சந்திக்கும், நடுவில் சந்திக்கவே சந்திக்காது. பறை திஸ்ரத்தில் ஓட, மேலே துடிப்பை நான்காக வெட்டிய ஹைஹாட் (டிரம்ஸின் ஜோடித் தட்டு) ஓடினால் இரண்டும் தடுக்கி விழுவது போலக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

தீர்வு: நடை யாருடையது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பறையும் டோலக்கும் திஸ்ரத்தில் இருந்தால் நடை அவர்களுடையது. மென்பொருளில் 4/4 என்றே வைத்துக்கொண்டு கட்டத்தை எட்டில் டிரிப்லெட்டாக மாற்றுங்கள். ஹவுஸிலிருந்து கிக்கை (பெரிய டிரம்மின் அடியை) மட்டும் கடன் வாங்குங்கள், துடிப்புக்கு ஒன்று. அது மூன்றின் தலையில் விழுவதால் எந்தச் சண்டையும் இல்லை. ஹைஹாட் வேண்டுமானால் அதுவும் மூன்றாகவே ஓடட்டும். ஒரு சுற்றில் இப்போது 12 அணு. அதை மூன்று மூன்றாக எண்ணினால் நான்கு துடிப்பு, நான்கு நான்காக எண்ணினால் மூன்று துடிப்பு. பேஸை நான்கு நான்காக வைத்துப் பாருங்கள்: கிக் நான்கு முறை விழும் நேரத்தில் பேஸ் மூன்று முறை வரும். பறை வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியில் ஒரு நிதானம் பிறக்கும். சூழல் இசைக்கு இது மிகப் பொருத்தம்.

எக்கோவிலும் இதே பொறி உண்டு. டிலே கருவிகளில் பலரும் முதலில் தேடுவது டாட்டட் எட்டு (ஒரு துடிப்பில் முக்கால்), 120 துடிப்பில் 375 மில்லிசெகண்ட். திஸ்ரத்தில் 333க்கும் 500க்கும் நடுவில் அது எங்குமே பொருந்தாமல் விழுந்து தாளத்தைக் கலக்கிவிடும். 166.7, 333.3, 500 இவற்றில் ஒன்றை வையுங்கள். வேறு வேகம் என்றால் 60,000ஐத் துடிப்பு எண்ணால் வகுங்கள். வருவது ஒரு துடிப்பின் மில்லிசெகண்ட், அதில் மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு.

டப்பிலிருந்து எடுக்க வேண்டியது எக்கோவை எப்போதும் ஓடவிடாமல் வீசுகிற பழக்கத்தை. வரியின் கடைசி வார்த்தை வரும்போது மட்டும் எக்கோ சேனலைத் திறந்து மூடுங்கள். அந்த எக்கோவைத் தூரம் என்ற ரிவெர்ப் சேனலுக்கு அனுப்பினால், காதருகே பாடியவரின் கடைசிச் சொல் மட்டும் தெரு தாண்டிப் போகும்.

பறையும் கிக்கும்

பறையைப் பதிவு செய்யும்போது மைக் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கட்டும். அதன் முதல் அடி அவ்வளவு கூர்மை. தோலைத் தீயில் காய்ச்சித்தான் சுருதி ஏற்றுவார்கள், ஆற ஆற இறங்கும். கடற்கரை ஈரத்தில் இன்னும் வேகமாக இறங்கும். எனவே சாம்பிளுக்கான தனித்தனி அடிகளை காய்ச்சியவுடன் முதலில் எடுத்துவிட்டு, நீண்ட வாசிப்பைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடியையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று குறைந்தது நான்கு நான்கு முறை. ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப வந்தால் எந்திரத் துப்பாக்கி போலாகிவிடும்.

மிக்ஸில் 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை உள்ள இடம் ஒருவருக்குத்தான். கிக், பேஸ், டோலக்கின் இடப்பக்கம், படகு எஞ்சின் எல்லாம் அங்கேயே வந்து நிற்கும். டோலக்கையும் பறையையும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். தனியாகக் கேட்டால் மெலிந்தது போலிருக்கும், கிக்கோடு கேட்டால் தெளிவாகும். எஞ்சின் ரீங்காரத்தில் ஒரு கம்ப்ரஸர் (சத்தத்தை அடக்கும் கருவி) வைத்து, கிக் விழும்போதெல்லாம் அது 3, 4 டெசிபல் அடங்கும்படி சைட்செயின் கொடுங்கள். ரிலீஸ் (அடங்கிய ஒலி மீளும் நேரம்) 200 மில்லிசெகண்ட் பக்கம் இருந்தால் அடுத்த துடிப்புக்குள் நிமிர்ந்துவிடும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோவாக இருக்கட்டும். போன் ஸ்பீக்கரில் 60 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. பேஸில் கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைக்கும் எஃபெக்ட்) சேர்த்தால் 120, 180 ஹெர்ட்ஸில் துணை ஒலிகள் பிறந்து, சுரம் இன்னதென்று அங்கேயும் தெரியும்.

கானாக் குரல்

கானாப் பாடகர் கீபோர்டைக் கேட்டுச் சுருதி பிடிப்பதில்லை. தனக்கு வசதியான இடத்தில் எடுப்பார், அது ஜிக்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில் இருக்கலாம். உடனே ஆட்டோடியூனைப் போட்டு இழுப்பது பெரிய தவறு. வரியின் முடிவில் குரல் சறுக்கி இறங்கும் அந்த வளைவுதான் கானாவின் உயிர். படிக்கட்டாக வெட்டிவிட்டால் அது வேறு யாரோ பாடியதாகிவிடும். குரலை அப்படியே விட்டுவிட்டு, சிந்தசைசரையும் பேடையும் சென்ட் கணக்கில் அவருடைய சுருதிக்கு நகர்த்துங்கள். எந்திரத்துக்கு வலிக்காது.

நேரத்திலும் அப்படியே. ஒவ்வொரு சொல்லையும் கட்டத்தில் உட்கார வைக்காமல், நான்கு துடிப்புக்கு ஒருமுறை சுற்றின் தலையை மட்டும் பொருத்துங்கள். தாளம் இல்லாமல் இழுத்துப் பாடும் தொடக்கப் பகுதிக்கு அதுவும் வேண்டாம். டிரான்ஸ்பார்மர் ரீங்காரம் ஒன்றே துணையாக இருக்கட்டும். வரி முடிவில் வீசும் எக்கோ தவிர, குரலுக்கு அருகு ரிவெர்ப் மட்டும். பின்னால் எண்ணூரும் கடலும் எவ்வளவு விரிந்தாலும் அவர் நம் பக்கத்தில் நின்றே பாட வேண்டும்.

ஆல்பமாகக் கோப்பது

எட்டுப் பாட்டு என்றால் எட்டிலும் ஒரே தூர ரிவெர்பைப் பயன்படுத்துங்கள். பாணி மாறினாலும் அடிவானம் மாறாது. ஆல்பத்தை ஒட்டும் பசை அதுதான். வரிசையில் தாளமில்லாதது, 85, 170, 120 என்று போகலாம். 170இலிருந்து 120க்கு நேராகத் தாவாமல் நடுவில் தாளமில்லாத ஒன்றரை நிமிடம் வைத்தால் காது பழைய வேகத்தை மறந்துவிடும்.

பாட்டுகள் இடைவெளி இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்று ஓட வேண்டுமானால் முழு ஆல்பத்தையும் ஒரே நீண்ட ஃபைலாக முடித்து, பிறகு வெட்டுங்கள். எம்பி3 ஆக்கினால் முன்னும் பின்னும் சிறு மௌனம் சேர்ந்து வெட்டு கேட்கும். வேவ் அல்லது ஃபிளாக் கொடுப்பதே சரி. சத்தத்தில் போட்டி போட வேண்டாம். ஸ்ட்ரீமிங் தளங்கள் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) பக்கம் தாங்களே சமன் செய்கின்றன. நசுக்கிச் சத்தமாக்கிய மிக்ஸை அவை இறக்கிவிடும், நசுங்கியது நசுங்கியதாகவே இருக்கும், நீங்கள் கட்டிய தூரமும் போய்விடும். மைனஸ் 16 போதும், ட்ரூ பீக் (உண்மையான உச்சம்) மைனஸ் 1 டெசிபல்.

ஏற்றுவதற்கு முன் அனுமதிகளைச் சரிபாருங்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் தனி உரிமை உண்டு. பாடகர், பறை வாசித்தவர் ஒவ்வொருவரோடும் எதற்காக, எத்தனை பாட்டில், முன்பணம் எவ்வளவு, வருமானத்தில் பங்கு எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஏலம் சொல்கிறவரின் குரல் அடையாளம் தெரியும்படி வந்தால் அவரிடமும் கேளுங்கள். அனேகமாகச் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். சாவு வீட்டில் பாடும் மரண கானாவை அந்தக் குடும்பத்திடம் கேட்காமல் பதிவு செய்யவே கூடாது, கேட்கச் சரியான நேரமும் அது அல்ல. அதே பாடகரை வேறொரு நாள் தனியாக அழைத்துப் பாடச் சொல்லி, அவருக்குரிய பணத்தைக் கையில் கொடுங்கள். அவர் பெயரை ஆல்பத்தின் பின்குறிப்போடு நிறுத்தாமல் பாட்டின் பெயரிலேயே, பங்கேற்பவர் என்ற இடத்தில் ஏற்றுங்கள். தேடுகிறவருக்கு அவர் கிடைப்பது அந்த ஒரு கட்டத்தை நிரப்புவதில்தான் இருக்கிறது.